மூன்றரை கிராம்

மான் பண்ணையின் வேலி அறுந்து
வெளியேறிய ருசாக்கள்
மறுநடவுச் செம்பனையின் குருத்தைத் தின்கின்றன.
சுட அனுமதி வந்துவிட்டது,
தோட்டாவில் ஈயம் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.
கெமாயான் கடைத்தெருவில்
டயர் கிடைக்கும், கோழித்தீவனம் கிடைக்கும்.
இது கிடைக்காது.
இலாகாவிலிருந்து ரொஸ்லான் ஆலைப் பட்டறைக்கு வந்து
என் கடைசல் எந்திரத்தை
பெண் பார்க்க வந்தவர் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

பரிமளச்செல்வி கால்நடை மருத்துவமனையில்
பழைய வேட்டைத் தொடை ஒன்றை
எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்தாள்.
குண்டு போன வழி தெரிந்தது.
வழியைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு
ரவை சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள்.
"கழுவினால் போகாதா?" என்றான் அப்பண்ணா.
அவள் விளக்கை அணைத்தாள்.

தண்ணீர்ப் பீப்பாயில் சுட்டெடுத்த ஈயக்குண்டை
பட்டணத்தின் ஒரே நகைத்தராசில் வைத்தோம்.
போனது ஒன்பது புள்ளி ஏழு.
வந்தது ஆறு புள்ளி இரண்டு.
மீதி மூன்றரை கிராம்.
போன தீபாவளிக்கு
இருபத்தாறு வீட்டுக்குக் கறி பங்கு வைத்தவன் அப்பண்ணா.
விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.
வீடுகளையா, பிள்ளைகளையா,
நான் கேட்கவில்லை.

முதலில் பித்தளை.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாமே, அதே பித்தளை.
ஆலை ஆய்வகத்து மிஸ் தியோ
செம்பனை எண்ணெயில் காய்ச்சிய சவர்க்காரக் கட்டிகளை
களிமண் குழியில் வரிசையாக அடுக்கினோம்.
ஏழு கட்டி.
ஏழையும் ஊசியாய்த் துளைத்து மண்மேட்டில் புதைந்தது,
மூக்குகூட நசுங்காமல்.
இளிப்பு எங்கள் பக்கம் திரும்பியது.

பிறகு செம்பு.
ஈயத்தின் எடைக்கு நின்றால்
செம்பு நீளம் கேட்கிறது.
நீளம் துப்பாக்கிக்குப் பிடிக்கவில்லை.
காற்றில் புரண்டு, அட்டையில் பக்கவாட்டாக விழுந்தது,
யாரோ ஒருக்களித்துப் படுத்த தடம் போல.
குறைத்தேன். மூக்கில் குழி தோண்டினேன்.
நாலு கீறல்.
பதினேழாவது நாள் சவர்க்காரத்தை அறுத்தால்
உள்ளே ஒரு செம்புத் தண்ணீர் பிடிக்கும் வெற்றிடம்.
அதன் கோடியில்
நாலு இதழ் விரித்து
இந்தச் செம்பு.

போனது எட்டு புள்ளி நாலு.
வந்தது எட்டு புள்ளி நாலு.
நகைக்கடை வேலாயுதம் தராசைத் துடைத்துவிட்டு
மறுபடியும் வைத்தார்.

முதல் மான் எண்பது மீட்டரில்
நின்ற இடத்திலேயே விழுந்தது.
ரொஸ்லான் என் கையைக் குலுக்கினார்.
இரண்டாவது, எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில்.
இருநூற்றுப் பத்து.
அப்பண்ணா சுட்டிருக்கக் கூடாது.
சுட்டான்.

சவர்க்காரம் ஓடாது.
மான் ஓடியது.
பதினாலாம் நம்பர் காட்டில்
டார்ச்சோடு மட்டைக் குவியல்களைத் தாண்டித் தாண்டி
ஓர் இலையில் ஒரு சொட்டு,
பத்து மரம் தள்ளி இன்னொன்று,
அப்புறம் வெறும் மண்.
இரண்டு மணிக்குத்தான் கண்டோம்.
வாய்க்காலில் முன்னங்கால் மடிந்து கிடந்தது.
காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது.
ரொஸ்லான் முடித்துவைத்தார்.

உள்ளே போன துளையும் வெளியே வந்த துளையும்
ஒரே அளவு. சுண்டுவிரல் நுழையாது.
"ஈயமாக இருந்தால் விழுந்திருக்கும்"
என்றான் அப்பண்ணா.
ஆமாம் என்றும் சொல்லவில்லை நாங்கள்,
இல்லை என்றும்.
நோட்டில் எழுதினேன்:
தூரத்தில் வேகம் இறங்குகிறது. இதழ் விரியவில்லை.
பேனா மை பனியில் பரவியது.

விடியுமுன் பரிமளச்செல்வி அழைத்தாள்.
இரண்டு தொடையையும் படம் எடுத்துவிட்டாளாம்.
முழுக்கக் கறுப்பு, ஒரு புள்ளி இல்லை என்றாள்.
நல்லது என்றேன்.
அவளுக்கு என் குரல் விளங்கவில்லை.

ஆலைச் சங்கு ஊதவில்லை இன்னும்.
குழியை ஒன்றரை மில்லி ஆழமாக்க வேண்டும்.
எந்திரத்தைத் தட்டிவிட்டேன்.
சுருள் சுருளாகச் செம்பு விழுகிறது,
வாய்க்கால் சேறு காயாத
என் சப்பாத்தின் மேல்.